நாலாவது குழிக்குப் பிறகு

கோழிப்பண்ணைக்குள் எந்த வண்டி போனாலும் வாசலில் இருக்கும் மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் சக்கரத்தை நனைத்துக்கொண்டுதான் போக வேண்டும். வெளியே இருக்கும் நோய் உள்ளே வந்துவிடக் கூடாதாம். உள்ளே இருக்கும் நாற்றத்துக்கு அப்படி ஒரு தொட்டியை எவனும் கட்டி வைத்ததில்லை. மோகனூர் ரோட்டிலிருந்து பிரிந்து நாலு கிலோமீட்டர் மண்பாதையில் வந்த இனியா, அந்தக் கலங்கிய தண்ணீரில் ஸ்கூட்டியை இறக்கி ஏற்றும்போது காலை மணி பத்தாகவில்லை. அதற்குள் ஈக்கள் அவள் ஹெல்மெட் கண்ணாடியில் உட்கார்ந்துவிட்டன.

நாமக்கல்லில் லாரி ஆபீஸ், போர் போடுகிற ரிக் ஆபீஸ் என்று இருபது இடங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறவள் அவள். ஆனால் வளர்ந்தது கோழி ஷெட்டில். அம்மா கூண்டுக்கடியில் எரு அள்ளியவள். அப்பா தீவன மூட்டை தூக்கியவர். கோழிப்பீயின் நாற்றம், புளித்த தீவனத்தின் நாற்றம், செத்த கோழியின் நாற்றம் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வாள். எந்த நாற்றத்துக்கும் மூக்கைப் பிடித்துப் பழக்கம் இல்லை.

சர்வர் இருந்த அறையின் கதவை மைதிலி திறந்தபோது இனியா மூக்கைப் பிடித்தாள்.

"என்னங்க்கா, உள்ள எலி கிலி செத்துக் கெடக்குதா?"

"அலசியாச்சு இனியா. ரெண்டு தரம் பினாயில் ஊத்தியாச்சு. போகமாட்டேங்குது." மைதிலி அந்தப் பண்ணையில் பதினைந்து வருஷமாக ஆபீஸ் பார்க்கிறவள். வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். "மூணு நாளா ஒரு மெயிலும் போகல, வரல. முட்டை ஏத்துற பார்ட்டியெல்லாம் போன்ல கத்துறாங்க."

முன்பு தடுப்பூசி மருந்து வைத்திருந்த அறை அது. ஜன்னல் கிடையாது. இரும்பு மேஜைமேல் பழைய சர்வர் ஒன்று. ஷெட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர், அதிலிருந்து தினம் ஒரு மெயில், இன்றைக்கு எத்தனை முட்டை, எத்தனை கோழி சாவு என்று. அதெல்லாம் வெளியாள் கைக்குப் போகக் கூடாது என்று முதலாளி சொந்தமாக மெயில் சர்வர் போட்டுக்கொண்டார். இனியா பக்கத்துத் தகட்டைக் கழற்றினாள். விசிறி இறக்கையில் கோழி ரோமமும் பீத்தூளும் மஞ்சள் கம்பளி மாதிரி சுற்றியிருந்தன. அதைப் பிய்த்து எடுத்தபோது உள்ளே ஈரமாக இருந்தது.

சூடாக இருக்கிற இயந்திரத்துக்குள் ஈரம் எப்படி என்று ஒரு நொடி யோசித்தாள். விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.

கோளாறு என்னவோ சாதாரணமானதுதான். டிஸ்க் நிறைந்துபோயிருந்தது. நிறைத்தது லாக். லாக் என்பது சர்வர் தனக்குத்தானே எழுதிக்கொள்கிற நாட்குறிப்பு. யார் யாருக்கு எத்தனை மணிக்கு மெயில் போட்டார்கள், அது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று ஒவ்வொன்றுக்கும் வரி எழுதிக்கொண்டே இருக்கும். அதை அவ்வப்போது வெட்டித் துண்டாக்கி, இத்தனை துண்டு வைத்துக்கொள், அதற்கு மேல் பழசைத் தூக்கிப் போடு என்று ஆரம்பத்திலேயே சொல்லி வைக்க வேண்டும். முன்னால் பார்த்த ஆள் அதைச் சொல்லவே இல்லை. போதாக்குறைக்கு எல்லாவற்றையும் நுணுக்கி நுணுக்கி எழுது என்று போட்டுவிட்டு மறந்தும் போயிருந்தான். இரண்டு வருஷ லாக் ஒரே கோப்பாக ஊதிக் கிடந்தது.

கடைசி வரிகளைப் பார்த்தாள். நின்றுபோவதற்கு முன்னால் எழுதியது. ஒன்பதாம் ஷெட்டிலிருந்து முதலாளிக்கு ஒரு மெயில். நேரம் பதினொன்று ஐம்பத்திரண்டு. முடிவு: எறியப்பட்டது.

அதற்கு முந்தின நாள், அதே ஷெட், அதே பதினொன்று ஐம்பத்திரண்டு. எறியப்பட்டது. அதற்கும் முந்தின நாளும்.

"ஏங்க்கா, ஒம்பதாம் ஷெட்டு மெயிலை மட்டும் வந்ததும் தூக்கி எறியச் சொல்லி வெச்சிருக்குதே. ஆரு சொன்னது?"

இனியா திரும்பிப் பார்த்தாள். மைதிலியின் முகம் வெளுத்திருந்தது.

"ஒம்பதாம் ஷெட்டு பூட்டிப் பதினாலு மாசம் ஆச்சு இனியா. அங்க கரண்டே கெடையாது. கம்ப்யூட்டரை அப்பவே தூக்கிட்டு வந்தாச்சு."

"அப்பறம் இது?"

"எனக்கென்ன தெரியும்?" குரல் தாழ்ந்தது. "அங்க ரங்கன்னு ஒருத்தரு சூப்பர்வைசரா இருந்தாரு. போன வருஷம் சித்திரையில செத்த கோழி போடற குழிக்குள்ள விழுந்து செத்துப்போயிட்டாரு. குடிச்சுட்டுப் போயி விழுந்துட்டாருன்னு எழுதிக் குடுத்தாச்சு. அவரு சம்சாரம் ஆராயி, என்ற ஊட்டுக்காரரு சாராயத்த மோந்துகூடப் பாத்ததில்ல, குழிய தொறக்காதீங்கன்னு மெயில் மேல மெயில் போட்டாரு, கேக்காம எறக்கிவிட்டுட்டாங்கன்னு நிக்குது. வர்ற செவ்வாக்கெழம லேபர் ஆபீசுல விசாரணை. அப்படி ஒரு மெயிலும் எனக்கு வரலைன்னு அய்யா சொல்லிட்டாரு."

இனியா கோப்பில் பின்னோக்கிப் போனாள். போன வருஷம் ஏப்ரல். ஒன்பதாம் ஷெட். முன்னால் பார்த்த ஆள் போட்ட எறியும் விதி ஒரு காரியம் செய்திருந்தது. எறிகிற மெயில் ஒவ்வொன்றின் தலைப்பையும் லாக்கில் எழுதி வைத்திருந்தது. ரங்கன் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தார்.

'அய்யா முதல் குழி இன்னும் அழுகவில்லை.'

'அய்யா மூடியைத் திறந்தால் தலை சுற்றுகிறது.'

'அய்யா ஆள் இறங்க முடியாது.'

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எறியப்பட்டது, எறியப்பட்டது. முதலாளி சொன்னது பொய்யில்லை. அவருக்கு ஒரு மெயிலும் வரவில்லை. வராமல் செய்துகொண்டார். மொத்தம் பதினொன்று. பத்தைப் படித்துவிட்டாள். பதினொன்றாவது ஏப்ரல் இருபத்தேழாம் தேதி, ரங்கன் செத்த அன்றைக்கு, பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு. அதன் தலைப்புக்குக் கண் போவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. திரையை மூடினாள்.

முதலாளி நவநீதகிருஷ்ணன் வெள்ளை வேட்டியும் பவுடர் வாசனையுமாக வந்தார்.

"என்ன அம்மிணி, என்ன சீக்கு?"

"லாக்கை வெட்டாம விட்டுட்டாங்க. டிஸ்க் நெறைஞ்சுபோச்சுங்க. எத்தன நாளைக்கு வெச்சுக்கோணும்னு சொன்னீங்கன்னா அந்தக் கணக்குக்கு வெட்டிரலாமுங்க."

"மத்த எடத்துல நீ எப்படி வெப்பே?"

"நாளைக்கு ஒரு துண்டுங்க. அமுக்கிச் சின்னதாக்கி மூணு மாசம் வெப்பனுங்க. மெயில் வந்துச்சு வரலைன்னு நாளைக்கு ஆராவது சண்டைக்கு வந்தா அதுதானுங்க சாட்சி."

சாட்சி என்ற சொல்லை அவர் மென்று துப்பியது மாதிரி வாயைத் துடைத்தார்.

"நாளுக் கணக்கெல்லாம் வேண்டாம். இத்தன பெருசு ஆச்சுன்னா வெட்டு. நாலு துண்டு இருந்தாப் போதும். அஞ்சாவது வந்தா மொதல்ல இருக்கறதத் தூக்கி எறி. கோழிக் குழிக்கு இங்க அப்படித்தான். நாலு குழி. நாலாவது நெறைஞ்சா மொதக் குழிக்கு வா. முப்பது வருஷமா ஓடுதில்ல?" மைதிலியைப் பார்த்தார். "எங்க சிஸ்டத்துல இவ்வளவுதான் நிக்கும்னு அதிகாரிக்கு ஒரு லெட்டர் அடி. இந்தப் புள்ளயும் அதுல ஒரு கையெழுத்துப் போட்டுரட்டும்."

போகிற போக்கில் திரும்பி நின்றார். "உன்ற அப்பன் எந்தப் பண்ணையில இருந்தான்?"

சொன்னாள்.

"அப்ப உனக்கு எல்லாம் தெரியும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்பு அவள் சட்டைக்குள் இறங்கிப் புழு மாதிரி ஊர்ந்தது. ஆனாலும் உட்கார்ந்து அவர் சொன்னபடியே எழுதினாள். அவள் போட்ட கணக்கு இது. இருக்கிற பெரிய கோப்பு முதல் துண்டு ஆகும். இனிமேல் நுணுக்கி எழுதுவதை நிறுத்திவிடலாம். ஷெட்டுக்கு ஒரு மெயில்தான். இன்னும் நாலு துண்டு நிறைவதற்கு ஒரு மாசமாவது ஆகும். சாயங்காலம் போகிறபோது ஸ்கூட்டி டிக்கியில் இருக்கும் டிரைவை எடுத்து வந்து பழைய துண்டைச் சத்தமில்லாமல் நகலெடுத்துவிட்டால் ஆயிற்று. அவர் சொன்னதும் நடந்த மாதிரி இருக்கும், ரங்கனின் வரிகளும் பிழைத்துக்கொள்ளும். டிஸ்க்கில் இடம் கம்மி என்பதால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அளவு பார்த்து வெட்டு என்று போட்டாள்.

வெட்டினாள். சர்வர் மூச்சுவிட்டது. மெயில்கள் போகத் தொடங்கின. மணி பதினொன்றரை.

ஒன்பதாம் ஷெட் மெயில் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் பார்த்துவிடலாம் என்று கேபிளைத் தொடர்ந்து நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் ஒரு ஷெட் வாசலில் சாவுக்கோழி வண்டி தள்ளிக்கொண்டிருந்த கந்தவேல், கூட வந்தார். ஐம்பது வயதிருக்கும். வண்டியில் பத்துப் பதினைந்து கோழிகள் கழுத்து தொங்கக் கிடந்தன. ஒன்றின் கண்ணில் ஈ மொய்த்தது.

"பூட்டுன ஷெட்டுல என்ன பாப்பா வேலை?"

"ஒயரைப் பாக்கோணுமுங்க." பிறகு கேட்டாள். "ரங்கன் எப்படிங்க செத்தாரு?"

அவர் வண்டியை நிறுத்தினார். சுற்றிலும் பார்த்தார்.

"உன்ற அப்பனை எனக்குத் தெரியும், நீ எரு அள்ளுன ஊட்டுப் புள்ளைங்கறதால சொல்றேன். ஒரு குழி நெறைய மூணு மாசம் ஆகும் சாமி. நாலாவது நெறையறப்ப மொதக் குழி மண்ணாப் போயிருக்கும். அதுதான் கணக்கு. போன சித்திரை வெயில்ல மூணே நாள்ல பன்னண்டாயிரம் கோழி விழுந்துச்சு. நாலு குழியும் மூணு நாள்ல நெறைஞ்சுபோச்சு. அய்யா, மொதக் குழிக்கு வாங்கடான்னாரு. அது மூடி மூணு நாளுதான் ஆவுது. கோழி கோழியாவே கெடக்குது, ஊதிக்கிட்டு. மேலாப்புல இருக்கறத அள்ளி ஒதுக்குனா எடம் வரும், ஆளெறங்குன்னாரு."

"அவரு மாட்டேன்னு சொல்லலீங்களா?"

"சொன்னாரு. அப்பறம் எறங்குனாரு. ரெண்டாவது படியில கால வெச்சாரு. ஒரு சத்தமில்ல. மாவுக்குள்ள கரண்டி போற மாதிரி உள்ள போயிட்டாரு." கந்தவேல் காறித் துப்பினார். "வெளிய எடுக்கறதுக்கு நாலு மணி நேரம் ஆச்சு. எது கோழி, எது ஆளுன்னு... வேண்டாம் பாப்பா. குடிச்சிருந்தாருன்னு எழுதுன பேப்பர்ல நானும் கையெழுத்துப் போட்டேன். அன்னைக்கிருந்து சோத்துல கை வெச்சா அந்தக் குழி ஞாபகம்தான்."

ஒன்பதாம் ஷெட்டின் பூட்டில் துரு ஏறியிருந்தது. கம்பி வலை வழியாகப் பார்த்தார்கள். வரிசை வரிசையாகக் காலிக் கூண்டுகள். தூசி. சிலந்தி வலை. சுவரோரம் இருந்த மேஜையில் கம்ப்யூட்டர் இல்லை. கேபிளின் நுனி மட்டும் மேஜை விளிம்பிலிருந்து கீழே தொங்கியது. நுனியிலிருந்து ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது.

கூண்டுக்கடியில் பழைய எருக் குவியல்.

அது அசைந்தது.

வெயிலில் கண் கூசுகிறது என்று நினைத்து முகத்தை வலையோடு ஒட்டினாள். குவியல் முழுக்க வெள்ளைப் புழு. பதினாலு மாசமாக ஒரு கோழி இல்லாத ஷெட்டில், இன்றைக்குக் காலையில் போட்ட மாதிரி பச்சையாக, ஈரமாக, நெளிகிற எரு. புழுக்கள் எல்லாம் ஒரே பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தன. தொங்குகிற கேபிளைப் பார்த்து.

"கந்தவேலண்ணா."

அவர் ஏற்கெனவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டிருந்தார்.

செல்போனைப் பார்த்தாள். பதினொன்று ஐம்பத்திரண்டு.

ஓடவில்லை. ஓடினால் காலுக்கடியில் ஏதாவது நசுங்கும் என்று பயமாக இருந்தது. ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து நடந்தாள். பாதியில் குழாய்த் தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். முகம் கழுவி, கை கழுவி, மறுபடி கை கழுவி, சர்வர் அறைக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை.

திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஒன்பதாம் ஷெட். ஒன்பதாம் ஷெட். ஒன்பதாம் ஷெட்.

நொடிக்கு நூறு வரி. எல்லாவற்றிலும் ஒரே நேரம், பதினொன்று ஐம்பத்திரண்டு. தலைப்பு இருக்க வேண்டிய இடம் காலி. ஒரு வாரம் நிறைய வேண்டிய துண்டு ஐந்து நிமிஷத்தில் நிறைந்தது. வெட்டு. இரண்டாவது. வெட்டு. மூன்றாவது. நாலாவதும் நிறைந்து ஐந்தாவது வந்தபோது, அவள் எழுதிவைத்த விதி தன் வேலையைச் செய்திருந்தது. முதல் துண்டைத் தூக்கி எறிந்துவிட்டது. இரண்டு வருஷ லாக். ரங்கனின் பதினொரு வரி.

இனியா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாள் கணக்கை விட்டு அளவுக் கணக்கைப் போட்டால் சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. சாவு குவிகிற நாளில்தான் தெரியும். குவிகிற வேகத்துக்கு நாலு குழியும் நிறைந்து, அழுகாததின் மேலேயே மறுபடி கை வைக்கும். கந்தவேல் சொன்னதைக் கேட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதைக் கேட்பதற்கு முன்பே அதே தப்பை அவள் தன் கையால் தட்டச்சு செய்திருந்தாள். டிரைவ் ஸ்கூட்டி டிக்கியிலேயே இருந்தது. முதலில் நகல், பிறகு வெட்டு என்பது இந்தத் தொழிலில் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு ஆள் வாசலில் வந்து சிரித்துவிட்டுப் போனதற்காக அதை விட்டுவிட்டாள்.

நவநீதகிருஷ்ணன் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டே வந்தார். கையில் லெட்டர். பின்னால் மைதிலி.

"ஆச்சா?"

"ஆச்சுங்க. பழசு போயிருச்சுங்க."

"நல்லது. இதுல ஒரு கையெழுத்து..."

அவர் மூக்கைச் சுருக்கினார். "என்ன கருமம்டா இது?"

நாற்றம் கெட்டியாகி இருந்தது. மூக்கில் ஏறியதோடு நிற்காமல் நாக்கில் வழுவழுவென்று படிந்தது. பழைய சாவின் நாற்றம். உள்ளுக்குள்ளேயே வெந்து ஊதிய சாவு.

"சார்" என்றாள் இனியா. குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "இங்க பாருங்க."

திரையில் துண்டுகளின் வரிசை. நாலு இருக்க வேண்டும்.

ஐந்து இருந்தது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஆயிற்று. ஏழு. எறியப்பட்ட துண்டுகள் ஒவ்வொன்றாக, தேதியோடு, அடியிலிருந்து மேலே வந்து நின்றன. கடைசியாக மேலே வந்தது அந்தப் பெரியது.

"அழி" என்றார்.

"நான் தொடமாட்டனுங்க."

"எந்த பட்டன்? தள்ளு. எந்த பட்டன்னு கேட்டேன்."

அவள் காட்டவில்லை. கொட்டிய வரிகளை அழிக்கலாம் என்று அவள் முன்பே கட்டளையை அடித்து, அழுத்தாமல் விட்டிருந்தாள். அது திரையின் ஓரத்தில் காத்திருந்தது. அவர் குனிந்து, மோதிரம் போட்ட விரலால் பெரிய பட்டனை அழுத்தினார். எல்லாம் மறைந்தது.

மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வந்தது.

மறுபடி அழுத்தினார். திரும்பி வந்தது. மறுபடி. மறுபடி. குத்துகிற மாதிரி அழுத்தினார்.

"அய்யா" என்றாள் மைதிலி வாசலிலிருந்து. "கைய எடுங்க. அய்யா, உங்க கையப் பாருங்க."

பட்டன்களின் இடுக்கிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து அவர் விரலை நனைத்திருந்தது. அதில் அரிசி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

அரிசி நெளிந்தது.

அவர் கத்தவில்லை. கையை உதறினார். வேட்டியில் தேய்த்தார். தேய்த்த இடத்திலிருந்து ஒரு ஈரமான வெள்ளை ரோமம் பறந்து அவர் உதட்டில் ஒட்டியது. அவ்வளவுதான். சாப்பிட்டதையெல்லாம் லெட்டர்மேலேயே கக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனார். மைதிலி அவர் பின்னால் போகவில்லை. தரையில் கிடந்த லெட்டரைக் காலால் ஒரு மூலைக்குத் தள்ளினாள்.

"உன்ற வண்டிச் சாவியைக் குடு இனியா. நகலெடுக்கற டிரைவை டிக்கியிலதான எப்பவும் வெச்சிருப்பே, நான் போயி எடுத்துட்டு வாரேன். நீ இங்கயே இரு. மறுபடி போயிரப்போகுது."

நகல் எடுத்து முடிய இருபது நிமிஷம் ஆயிற்று. அதுவரைக்கும் இனியா வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு அந்த நாற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு தான் எழுதிய விதியை அடியோடு அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். அளவுக் கணக்கு கிடையாது. நாளைக்கு ஒரு துண்டு. ஒவ்வொன்றின் பெயரிலும் தேதி. அமுக்கி, இன்னொரு டிஸ்க்கில் ஒரு நகல். நானூறு நாளைக்கு எவன் சொன்னாலும் எதையும் எறியாதே. ஒரே நாளில் லட்சம் வரி கொட்டினாலும் அந்த நாளின் துண்டு பெருக்குமே தவிர, பழைய நாளைத் தள்ளிவிடாது. டிஸ்க் முக்கால் நிறைந்தால் கத்து. முதல் நாளே இப்படி வைத்திருக்க வேண்டிய விதி.

கடைசி வரியை எழுதிச் சேமித்ததும் ஓட்டம் நின்றது. விசிறிச் சத்தம் மட்டும். பட்டன் இடுக்கு காய்ந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்து மூன்று தரம் குளித்துவிட்டு நகலைத் திறந்து பார்த்தாள். ரங்கனின் வரிகள் இருந்தன. எண்ணினாள்.

பத்து.

ஏப்ரல் இருபத்தேழு இல்லை. இருபத்தாறுக்கு அடுத்து இருபத்தெட்டு. எப்படித் தேடியும் இல்லை. எறிந்தது திரும்பி வந்திருந்தது. முழுதாக வரவில்லை. குழியிலிருந்து எடுத்த எதுவும் முழுதாக வந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பத்து மெயிலும் திறக்காதீர்கள், இறங்க முடியாது என்றுதான் சொல்லின. பிறகு ஏன் இறங்கினார்? குடித்துவிட்டுத் தானாக இறங்கினார் என்று அவர்கள் சொல்வதற்கு இன்னும் ஓர் இடுக்கு இருந்தது. அந்த இடுக்கை அடைக்கிற ஒரே வரி, அவள் கையால் போனது.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கெல்லாம் விசாரணை அறை நிறைந்துவிட்டது. நவநீதகிருஷ்ணன் வக்கீலோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வலது கையில் கட்டு. அவருக்குப் பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வேறு இடம் பார்த்தார்கள். வக்கீல் மட்டும் கைக்குட்டையோடு தாக்குப்பிடித்தார்.

ஆராயி கதவோரம் நின்றிருந்தாள். கறுத்த, ஒல்லியான பெண். எட்டு வருஷம் ரங்கனோடு அதே ஷெட்டில் முட்டை பொறுக்கியவள். குமாஸ்தா டிரைவை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டு அச்சடிக்கத் தொடங்கினார். பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் துப்பியது.

"பத்துதானுங்க இருக்குது" என்றாள் இனியா.

"அன்னைக்கு என்ன எழுதுனாருங்க?" ஆராயி கேட்டாள். "செத்த அன்னைக்கு. பதினோரு மணி டீ குடிக்கறப்ப, கடைசியா ஒண்ணு போட்டுட்டு வாரேன்னு போனாரு. நான் குழிப் பக்கம் வர்றதுக்குள்ள..."

"ஒண்ணு இருந்துச்சுங்க. நான் அழிச்சுட்டேன்."

"படிச்சியா?"

"இல்லீங்க."

ஆராயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். திட்டவில்லை. "அவங்க ஒரு குழி தோண்டுனாங்க. உன்ற பங்குக்கு நீயும் ஒண்ணு தோண்டியிருக்கிற" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"முடிஞ்சுதுங்க சார். பதினேழு பக்கம்" என்றார் குமாஸ்தா, அதிகாரியிடம்.

பிரிண்டர் இன்னொரு தாளை இழுத்தது.

"பதினேழுதானே கொடுத்தேன்" என்று அவர் முணுமுணுத்தார்.

தாள் மெதுவாக வந்தது. நனைந்த துணியை இழுக்கிற மாதிரி சத்தம். வெளியே வந்து விழுந்தபோது தட்டில் சொத்தென்று ஒட்டிக்கொண்டது. மஞ்சள் ஈரம். குமாஸ்தா ஒரு மூலையைத் தொட்டவர் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அறை முழுக்க அந்த நாற்றம்.

இனியா தாளை எடுத்தாள். ஒரே ஒரு வரி. ஏப்ரல் இருபத்தேழு. பதினொன்று ஐம்பத்திரண்டு. ஒன்பதாம் ஷெட்டிலிருந்து முதலாளிக்கு. தலைப்பு ஆங்கில எழுத்தில் இருந்தது. அதை உரக்கப் படித்தாள்.

"நீங்க போன்ல சொல்லிட்டீங்க, எறங்கறனுங்க அய்யா."

வரியின் முடிவில் எறியப்பட்டது என்று இல்லை. சேர்ந்தது என்று இருந்தது.

ஓரத்தில் நாற்காலி ஒன்று கவிழ்ந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஆராயி வந்து தாளை இனியாவின் கையிலிருந்து வாங்கினாள். அருவருப்புப் படவில்லை. முந்தானையை எடுத்து, ஒரு முகத்தைத் துடைப்பதுபோல அந்த ஈரத்தை மெதுவாக ஒற்றி எடுத்தாள்.

"சார், இதைப் பதினெட்டாம் பக்கமா எழுதிக்கட்டுங்களா?" என்று குமாஸ்தா கேட்டார். அதிகாரி தலையை ஆட்டினார்.

குமாஸ்தா குனிந்து பிரிண்டரின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. அவர் நிமிர்ந்தார். ஒயர் அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பிரிண்டர் அடுத்த தாளை இழுத்தது.